பொறுக்கி எடுக்கும் பள்ளியும் வந்தவரைச் சேர்க்கும் பள்ளியும்



மகள் வீட்டுக்கு, சிகாகோ பக்கம், வந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் நம் 1994 எட்டாம் வகுப்புக் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "சார், அமெரிக்காவுல தனியார் பள்ளிங்களோட அரசுப் பள்ளிங்க மோதக் கூடாது, தனித்தனியா கோப்பை வைக்கணும்னு பெரிய சண்டையாமே. நம்ம ஊர்லயும் அப்படிப் பிரிச்சுட்டா நம்ம பிள்ளைங்க ஜெயிப்பாங்கள்ல?" அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். குழுவில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன். இது பெரிய பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு, தனியார் என்று பெயர்ப்பலகையைப் பார்த்துப் பிரிப்பது தப்பு. எல்லாரையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டு "திறமை இருந்தா ஜெயிக்கட்டுமே" என்பது அதைவிடப் பெரிய தப்பு. பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க எந்தப் பள்ளியால் முடிகிறது, எதனால் முடியாது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அதனால் வரும் பாரத்தையும் பள்ளிதான் சுமக்க வேண்டும், பிள்ளை சுமக்கக் கூடாது.

இங்கே எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்நிலைப் பள்ளி விளையாட்டுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சங்கம் உண்டு. பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எண்ணி வகுப்பு வகுப்பாகப் பிரித்துவிடுவார்கள். இந்த இல்லினாய்ஸ் மாநிலத்தில் கூடைப்பந்துக்கு நான்கு வகுப்பு, அமெரிக்கக் கால்பந்துக்கு எட்டு. நியாயம்தான். இரண்டாயிரம் பேரில் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பதும் இருநூறு பேரில் பதினொரு பேரைத் தேடிப் பிடிப்பதும் ஒன்றாகுமா?

தலைகளை எண்ணினால் போதுமா என்பதில்தான் சண்டை ஆரம்பிக்கிறது. இங்கே பிள்ளை எந்த அரசுப் பள்ளிக்குப் போகும் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் எல்லை போட்டிருக்கிறார்கள். எல்லைக்குள் குடியிருப்பவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் சேர்த்தே ஆக வேண்டும். நடக்க முடியாத பிள்ளை, சாயந்திரம் வேலைக்குப் போகிற பிள்ளை, விளையாட்டு என்றாலே ஓடி ஒளிகிற பிள்ளை எல்லாரும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். தனியார் பள்ளிக்கு அப்படி எல்லை கிடையாது. இருபது மைலுக்கு அப்பால் இருக்கும் நெட்டைப் பையனுக்கும் இடம் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுப் பையனை வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆக இந்தப் பள்ளியின் 600 பேரும் அந்தப் பள்ளியின் 600 பேரும் காகிதத்தில்தான் சமம்.

இல்லினாய்ஸ் சங்கம் 2005-இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டது. எல்லை இல்லாத பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கிவிடு என்றார்கள். 600 பேர் படித்தால் 990 பேர் என்று கணக்கு. அந்தப் பள்ளி தானாக ஒரு படி மேலே போய்ப் பெரிய பள்ளிகளோடு ஆட வேண்டி வரும். எனக்குப் பிடித்தது அந்த 1.65 இல்லை, விதியில் இருக்கும் சொல். "தனியார்" என்று எழுதாமல் "எல்லை இல்லாத பள்ளி" என்று எழுதியிருக்கிறார்கள். சிகாகோ நகரத்தில் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் அதே பெருக்கல்தான். யார் பள்ளி என்று கேட்கவில்லை, கதவை யார் திறக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் எல்லாத் தனியார் பள்ளியும் பணக்காரப் பள்ளியா? சிகாகோவின் ஏழைத் தெருக்களில் இருநூறு முந்நூறு பேரோடு தட்டுத் தடுமாறி ஓடும் கத்தோலிக்கப் பள்ளிகள் உண்டு. வருஷம் முழுக்கத் தோற்கும் அணியையும் 1.65-ஆல் பெருக்கினால் அது தண்டனை. பிறகு இதையும் சரிசெய்தார்கள். சில ஆண்டுகளாக ஒன்றும் பெரிதாக வெல்லாத அணிக்குப் பெருக்கலிலிருந்து விலக்கு உண்டு. தொடர்ந்து கோப்பை அடிக்கிற அணியை இன்னும் மேலே தூக்கிவிடுவார்கள். விதி என்றால் இப்படித்தான், போட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

நம் பையன் கேட்ட "முழுசாப் பிரிச்சுடுங்க" வழியும் இந்த நாட்டில் உண்டு. டெக்சாஸில் அரசுப் பள்ளிகளின் சங்கம் 1910-லிருந்து இருக்கிறது. தனியார் பள்ளிகளுக்கு அங்கே இடமில்லை, அவர்களுக்கு வேறு சங்கம். 2003-இல் டல்லாஸ், ஹூஸ்டன் இரண்டு ஊர்களிலும் இயேசு சபையார் நடத்தும் ஆண்கள் பள்ளிகள் இரண்டை மட்டும் உள்ளே விட்டார்கள். ஆடினால் மிகப் பெரிய பள்ளிகளின் வகுப்பில்தான் ஆட வேண்டும் என்று நிபந்தனை. ஏன் விட்டார்கள் தெரியுமா? அவர்கள் இருந்த பழைய சங்கம் மூடிவிட்டது, ஆடுவதற்குச் சரியான ஆள் இல்லை. முழுசாகப் பிரிப்பதில் இருக்கும் வில்லங்கம் இதுதான். சுவர் கட்டின பிறகு யாராவது ஒருவர் சுவருக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார்.

டென்னசி மாநிலம் இன்னொரு கோடு போட்டது. 1997 வாக்கில், விளையாடும் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை கொடுக்கும் தனியார் பள்ளிகளைத் தனிப் பிரிவாக்கினார்கள். அதே ஆண்டு அங்கே பிரென்ட்வுட் அகாடமி என்ற பள்ளியின் பயிற்சியாளர், அடுத்த வருஷம் சேரப்போகும் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு "பயிற்சிக்கு வாருங்கள்" என்று ஒரு கடிதம் போட்டார். ஆள் பிடிக்கிறார் என்று சங்கம் தண்டித்தது. பள்ளி வழக்குப் போட்டது. அந்த ஒரு கடிதத்துக்காக வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை இரண்டு தடவை போனது, 2001-லும் 2007-லும். கடைசியில் சங்கத்தின் விதி செல்லும் என்றார்கள். பத்து வருஷம்! பயிற்சிக்குக் கூப்பிட்ட பையன்கள் கல்லூரியே முடித்திருப்பார்கள். நம் ஊரில் இதெல்லாம் கடிதம் போட்டா நடக்கிறது? சாயந்திரம் டீக்கடையில் அப்பாவைப் பார்த்துப் பேசினால் முடிந்தது.

பெயர்ப்பலகையை நம்பாதீர்கள் என்கிறேனே, அதற்கு ஓர் உதாரணம். கலிபோர்னியாவில் டி லா சால் என்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளி 1992 முதல் 2004 வரை அமெரிக்கக் கால்பந்தில் தொடர்ந்து 151 ஆட்டங்கள் வென்றது. தோல்வியே இல்லை. "பார், தனியார் பள்ளி என்றால் இப்படித்தான்" என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 2004-இல் அவர்களைத் தோற்கடித்தது யார்? வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ, ஓர் அரசுப் பள்ளி. கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 2016-இல் அதே பெல்வியூ அணியைப் பற்றி விசாரணை அறிக்கை வந்தது. பள்ளி எல்லைக்குள் வீடு இருப்பதாகப் பொய் முகவரி கொடுத்தது, ஆட்டக்காரர்களுக்கு வேறோர் இடத்தில் படிக்கப் பணம் கட்டியது என்று பல விஷயங்கள் வெளியே வந்தன. தடையும் விதித்தார்கள். எல்லை இருக்கிற அரசுப் பள்ளியும் மனசு வைத்தால் ஆள் பிடிக்கும். பலகையில் என்ன எழுதியிருந்தால் என்ன?

எல்லை என்பதும் முழு நியாயம் கிடையாது. மகள் வீடு இருக்கும் தெருவில் வீட்டு விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். நல்ல அரசுப் பள்ளி எல்லைக்குள் வீடு என்றால் விலை கூட. பள்ளிக்கு வரும் பணத்தில் பெரிய பங்கு அந்த வீடுகளின் சொத்து வரிதான். அப்படியென்றால் வீட்டு விலையே இங்கே பள்ளிக் கட்டணம். பேரன் பள்ளியின் மைதானத்தைப் பார்த்தேன். நம் மாவட்டத் தலைநகரில்கூட அப்படி ஒன்று இல்லை. நாலு ஊர் தள்ளி இருக்கிற ஏழை அரசுப் பள்ளியும் இதுவும் இந்தக் கணக்கில் ஒரே ஜாதி.

இதையும் யோசித்த மாநிலம் ஒன்று இருக்கிறது. மினசோட்டாவில் பள்ளியின் வகுப்பை முடிவு செய்யும்போது, இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகளில் ஒரு பகுதியை மொத்த எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். வறுமையில் இருக்கும் பிள்ளைகள் அணியில் வந்து சேர்வது குறைவு. ஷூ வாங்கக் காசு வேண்டும், பயிற்சி முடிந்து வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருமகன் இதை எனக்குப் படித்துக் காட்டியபோது நம் சத்துணவுப் பதிவேடுதான் ஞாபகம் வந்தது. இருபது வருஷம் தினம் காலையில் அந்த எண்ணிக்கையை எழுதி அனுப்பியிருக்கிறேன். அரிசி, முட்டைக் கணக்குக்கு மட்டும்தான் அது உதவும் என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணை வைத்து ஒரு விளையாட்டுக் களத்தையும் சமப்படுத்தலாம் என்று அறுபது வயசுக்கு மேல்தான் தெரிகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் என்ன பிரிவு இருக்கிறது? ஆண், பெண். 14, 17, 19 வயது. அவ்வளவுதான். குறுவட்டத்தில் ஆரம்பித்து மாவட்டம், மாநிலம் என்று போகிற வரைக்கும், மேல்கூரை ஓடு உடைந்த ஒன்றிய நடுநிலைப் பள்ளியும் விடுதி வைத்து நாலு மாவட்டத்துப் பையன்களைச் சேர்த்த மெட்ரிக் பள்ளியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நடுநிலைப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் இருப்பது அபூர்வம். நான் பட்டயப் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியர். கணக்கு, அறிவியல், தமிழ், சத்துணவு, தேர்தல் வேலை, அதோடு கபடி. விதிப் புத்தகத்தை நானே படித்துவிட்டு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சுண்ணாம்பில் கோடு போட்ட மண் தரைதான் நம் களம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றான். அப்பா தறி நெய்பவர். ஏழாவது படிக்கும்போது அவன் பாடிப் போனால் எதிரணி பின்னால் ஒதுங்கும், கை அவ்வளவு நீளம். அந்த வருஷம் குறுவட்ட இறுதியில் ஒரு விடுதிப் பள்ளியிடம் 41-க்கு 17 என்று தோற்றோம். அந்த 17-இல் பாதிக்கு மேல் இவன் எடுத்தது. அடுத்த ஜூன் மாதம் அந்தப் பள்ளியின் பயிற்சியாளர் தறி வீட்டுக்கே வந்துவிட்டார். கட்டணம் இல்லை, விடுதி இலவசம், தினமும் பால், முட்டை. அப்பா என்னிடம் வந்து, "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். போகட்டும் என்றுதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்த வீட்டில் ஒரு வயிறு குறைந்தது, பிள்ளைக்கு நல்ல பயிற்சி கிடைத்தது. அதைத் தடுக்க நான் யார்?

அடுத்த குறுவட்டப் போட்டியில் அவன் எதிர்ப்பக்கம் நின்றான். ஆட்டத்துக்கு முன்னால் ஓடி வந்து, "சார், சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அப்புறம் நம் அணியில் நாலு பேரை வரிசையாகத் தொட்டுவிட்டுப் போனான். அதற்கடுத்த வருஷம் பையன்கள் அணிக்குப் பெயர் கொடுக்கவே வரவில்லை. "நம்மள்ல எவனாவது நல்லா ஆடுனா அவனையும் தூக்கிட்டுப் போய்டுவாங்க சார், மிச்சம் இருக்கிறவன் தோக்கணும்." பன்னிரண்டு வயசுப் பையன் சொன்ன வார்த்தை. கபடியை அவன் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தான்.

அந்தப் பையனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த வருஷத்தோடு சலுகையும் நின்றது. மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது நிலுவைக் கட்டணம் என்று ஒரு தொகை சொன்னார்கள். அப்பா தறியில் முன்பணம் வாங்கிக் கட்டினார். எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்வார்த்தை.

இதற்கு "அரசுப் பள்ளிகளுக்குத் தனிக் கோப்பை" ஒரு மருந்தே கிடையாது என்பது என் எண்ணம். ஏனென்று கேளுங்கள். நம் மாநிலத்தில் அரசே நடத்தும் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. தேர்வு வைத்து எடுத்த பிள்ளைகள் அங்கே தங்கிப் பக்கத்துப் பள்ளிகளில் படிப்பார்கள். அந்தப் பள்ளி அரசுப் பள்ளியாக இருந்தால், உங்கள் தனிக் கோப்பை அங்கேதான் போகும், நம் பிள்ளைக்கு வராது. இன்னொரு பக்கம், நம் தெருமுனையில் 150 பேரோடு மைதானமே இல்லாமல் ஓடுகிற சின்ன நர்சரி மெட்ரிக் பள்ளியை, விடுதிப் பள்ளிகளோடு ஒரே பட்டியில் அடைத்துவிடுவோம். அதில் படிப்பதும் கொத்தனார், ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைதான். மூன்றாவதாகச் சான்றிதழ். அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரியிலும் இடம் உண்டு. இரண்டு மாநிலக் கோப்பை வைத்தால், "இது எந்தக் கோப்பைச் சான்றிதழ்?" என்று ஒரு கேள்வி வரும். நம் பிள்ளையின் சான்றிதழ்தான் இரண்டாந்தரம் ஆகும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் சொல்வது சின்ன விஷயம். ஒவ்வொரு பிள்ளையும் எந்த வருஷம் எந்தப் பள்ளியில் படித்தது என்பது இப்போது கல்வித் துறையின் எமிஸ் பதிவில் இருக்கிறது. அணிப் பட்டியல் கொடுக்கும்போதே, எத்தனை பேர் வேறு வட்டத்திலிருந்து சமீபத்தில் வந்தவர்கள் என்று பார்த்துவிடலாம். பாதிக்கு மேல் அப்படி வந்தவர்கள் என்றால், அந்த அணி குறுவட்டத்தில் ஆட வேண்டாம், நேராக மாவட்டப் போட்டிக்கு வரட்டும். பள்ளி அரசா, தனியாரா, விடுதியா என்ற கேள்வியே வேண்டாம். குறுவட்டக் கோப்பை அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குள் நிற்கும். ஜெயித்தவர்கள் மாவட்டத்தில் போய் அந்தப் பெரிய அணியையும் பார்க்கட்டும். தோற்றாலும் ஒரு கோப்பையோடு போய்த் தோற்பார்கள்.

இங்கே பல மாநிலங்களில், பள்ளி மாறிய பிள்ளை சில காலம் ஆடக் கூடாது என்று உட்கார வைக்கிறார்கள். அதை மட்டும் நம் ஊருக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள். குடும்பம் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போகும், அப்பா அம்மா பிரிவார்கள், பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போகும். அதற்கெல்லாம் பிள்ளையை உட்கார வைப்பது என்ன நியாயம்? ஆள் எடுத்தது பள்ளி. கணக்கும் பள்ளியிடம்தான் கேட்க வேண்டும்.

"போட்டியில போய் இவ்வளவு கணக்கா?" என்று சிலர் சிரிப்பீர்கள். படிப்பில் நாம் இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுவிட்டோம். 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த வருஷம் பொறியியல் முதலான படிப்புகளுக்கும் வந்தது. மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் அது வந்த வழி ஒன்றல்ல என்று ஒத்துக்கொண்டோம். அதை ஒத்துக்கொண்ட நாட்டில் கபடிக்கு மட்டும் ஏன் தராசு கூடாது?

இந்த 7.5 பற்றிப் பேசும்போது, பிள்ளை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022-இல் வந்த புதுமைப்பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் மாதம் 1000 ரூபாய்த் திட்டங்களும் அந்த 6 முதல் 12 வரை என்ற கணக்கைத்தான் பார்க்கின்றன. உங்கள் பிள்ளை நன்றாக ஆடுகிறான், ஒன்பதாம் வகுப்பில் ஒரு தனியார் பள்ளி கட்டணமில்லாமல் கூப்பிடுகிறது என்றால், சலுகை என்ன என்று மட்டும் பார்க்காதீர்கள். எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். போவதென்றால் போங்கள், பையன் நன்றாக வரட்டும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை சலுகை உண்டா, அடிபட்டால் என்ன, மாற்றுச் சான்றிதழ் கேட்டால் பணம் கேட்பார்களா என்று மூன்றையும் பள்ளித் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடமாட்டோம் என்றால் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

நம் பசங்களில் மூன்று பேர் இப்போது உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கிறீர்கள், ஒருத்தி திருவண்ணாமலைப் பக்கம் தலைமையாசிரியை. உங்கள் குறுவட்டத்தில் இந்த வருஷம் 14 வயதுப் பிரிவு கபடிக்கும் கோ-கோவுக்கும் எத்தனை நடுநிலைப் பள்ளிகள் அணி இறக்கின, அவற்றில் எத்தனை இரண்டாவது சுற்றுக்குப் போயின என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். நான் டிசம்பரில்தான் ஊர் திரும்புகிறேன். வந்ததும் அந்த எண்ணிக்கையோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறேன்.